முன்பல்லை எடுப்பதா, உறை போடுவதா?

என் அக்கா பையனுக்கு லெஷ்-நைஹன் நோய், தன் உதட்டையும் விரலையும் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொள்ள வைக்கும் நோய். நான்கு வயதில் அவனுடைய முன்பக்கப் பால்பற்களை மேலும் கீழும் எடுத்துவிட்டோம், இரண்டு வருஷத்துக்கு மேல் உதடு பிழைத்தது, இப்போது அதே இடத்தில் நிரந்தரப் பற்கள் முளைக்க ஆரம்பித்ததும் கீழுதட்டில் மறுபடி காயம். அதனால் வீட்டில் மறுபடியும் அதே பேச்சு. எடுத்துவிடலாமா, பல்லை மூடும் உறை (மவுத் கார்டு) போடலாமா, தாடையில் ஊசி போட்டுப் பார்க்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாமா? கோத்தகிரியில் இருந்துகொண்டு இந்த முடிவை எடுப்பதும் கோயமுத்தூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு எடுப்பதும் ஒன்றில்லை. நான் டாக்டர் இல்லை, டீ பேக்டரியில் கணக்கு எழுதுகிறவன். பல் டாக்டர், மயக்க டாக்டர், குழந்தைகள் நரம்பு டாக்டர் என்று நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், இதே கஷ்டத்தில் இருக்கும் வேறு வீட்டார் சொன்னதையும் வைத்து ஒவ்வொரு வழியையும் எடைபோட்டு எழுதுகிறேன். உங்கள் பிள்ளைக்கு எது சரி என்பதை அவனைப் பார்க்கும் டாக்டரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

முதலில் நோயைப் பற்றி, ஏனென்றால் எந்த நோய் என்பதைப் பொறுத்துத்தான் வழியே மாறுகிறது. லெஷ், நைஹன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1964இல் அண்ணன் தம்பி இருவரிடம் பார்த்து எழுதிய நோய் இது. உடம்பில் ஒரு நொதி இல்லாததால் யூரிக் அமிலம் ஏறிக்கொண்டே போகிறது. காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அதனால் அநேகமாக ஆண் பிள்ளைகளுக்கே வருகிறது, பெரும்பாலும் தாய் வழியில் வருகிறது. கைக்குழந்தையாக இருக்கும்போதே நாப்கினில் ஆரஞ்சு நிறத்தில் மணல் போலப் படியும். கழுத்து நிற்காது, கைகால் முறுக்கிக்கொள்ளும், அதைப் பார்த்துவிட்டு செரிப்ரல் பால்சி, அதாவது மூளை முடக்குவாதம், என்று எழுதிவிடுவார்கள். பல் முளைத்து இரண்டு மூன்று வயதாகும்போது உதட்டை, நாக்கை, விரலைக் கடிக்கத் தொடங்குவான். சில பிள்ளைகளுக்கு இது தள்ளியும் தொடங்கும். அலோபியூரினால் மாத்திரை யூரிக் அமிலத்தைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றும், கடிப்பதை நிறுத்தாது. இதைச் சரியாகச் சொல்லாமல் விட்டதால் மாத்திரை கொடுத்தால் கடி நின்றுவிடும் என்று மாதக்கணக்கில் காத்திருந்த வீடுகள் உண்டு.

இந்தப் பிள்ளைகளுக்கு வலி தெரியும். கடித்துவிட்டு அழுவார்கள், அடுத்த கடிக்குப் பயப்படுவார்கள், கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பார்கள். கையைக் கட்டியிருக்கும்போது நிம்மதியாகச் சிரிக்கிற பிள்ளை, கட்டை அவிழ்த்தால் நடுங்குகிறான். இதைப் புரியாத ஆட்கள், "அடிச்சு வளர்த்தா சரியாப் போயிடும்" என்று சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது. திட்டினாலும் தண்டித்தாலும் கடி கூடும், குறையாது. இது ஆராய்ச்சியிலும் தெரிந்த விஷயம்.

வேறு நோய்களும் உண்டு. பிறவியிலேயே வலியும் தெரியாமல் வியர்வையும் வராமல் ஒரு நோய் இருக்கிறது, அதில் முதல் பால்பல் வந்த உடனே, ஆறேழு மாதத்திலேயே, நாக்கு நுனியைக் கடித்துவிடுவார்கள். அந்தப் பிள்ளைக்குக் கடிக்க வேண்டும் என்ற உந்துதல் கிடையாது, கடித்தால் வலிக்கும் என்ற தகவல்தான் போய்ச் சேர்வதில்லை. ரெட் நோய் உள்ள பெண் பிள்ளைகள் பல்லை நறநறவென்று அரைப்பார்கள், கையைப் பிசைவார்கள், கையை வாயில் வைத்துக்கொண்டே இருப்பார்கள். கொர்னேலியா டி லாங்கே நோயில் நெஞ்செரிச்சல் அதிகம், அந்த வலி தாங்காமல் தங்களையே அடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: லெஷ்-நைஹனில் பல்லைக் காப்பதை விட உதட்டையும் நாக்கையும் காப்பது முக்கியம், தேவையென்றால் பல்லை எடுத்தே ஆக வேண்டும். வலி தெரியாத நோயில் பல்லை முடிந்தவரை வைத்துக்கொண்டு கூர்மையை மட்டும் போக்க வேண்டும், எடுப்பது கடைசியில். மற்ற நோய்களில் முதலில் வேறு எங்காவது வலிக்கிறதா என்று தேட வேண்டும்.

அந்தத் தேடல் எல்லாருக்கும் பொது, லெஷ்-நைஹன் உட்பட. திடீரென்று கடி கூடினால், கன்னத்தில் அடித்துக்கொள்வது கூடினால், சொத்தைப் பல், ஈறுக் கட்டி, புதுப் பல் முளைப்பது, காதுவலி, மலச்சிக்கல், சிறுநீரகக் கல் இதையெல்லாம் பார்க்காமல் பல் எடுக்கும் பேச்சுக்கே போகக்கூடாது. பேச வராத பிள்ளை பல்வலியைச் சொல்வதற்கு இருக்கும் ஒரே வழி தாடையில் குத்திக்கொள்வதாக இருக்கலாம். இன்னொன்று, இந்த மலைக்கே உரியது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் உதடு வெடித்து இருக்கும், வெடித்த தோலை நாக்கு தேடிப் போகும், பல் பின்னாலேயே போகும். காலையிலும் ராத்திரியிலும் வாசலின் தடவுவதே எங்கள் வீட்டில் பாதிக் கடியைத் தடுத்திருக்கிறது.

இனி வழிகளுக்கு வருகிறேன். பல்லின் கூர்மையை மட்டும் ராவி உருட்டையாக்குவது எல்லாவற்றிலும் எளிது. உள்ளூர் கிளினிக்கிலேயே சில நிமிஷங்களில் முடியும், மயக்க மருந்து வேண்டாம், பல் அப்படியே இருக்கும். அல்லது பல் நிறத்தில் அடைக்கும் பசையைக் கூரின் மேல் வைத்து மழுக்குவார்கள். வலி தெரியாத கைக்குழந்தையின் நாக்குப் புண்ணுக்கு இதுதான் முதல் வழி, பல பேருக்கு ஆறிவிடுகிறது. லெஷ்-நைஹனில் கடியின் வேகம் வேறு, மழுங்கிய பல்லாலும் உதட்டை நசுக்கிவிடுவார்கள். எங்கள் பையனுக்கு இது உதவவில்லை.

கைக்கு மூட்டுக் கவசம் போடுவது இன்னொன்று. முழங்கை மடங்காதபடி பஞ்சு வைத்துத் தைத்த உறை, உள்ளே கெட்டியான அட்டையோ பிளாஸ்டிக் பட்டையோ. விரலை இது காப்பாற்றும், உதட்டைக் காப்பாற்றாது. ஆனாலும் பிள்ளைக்கு மனசு அடங்குகிறது, மனசு அடங்கினால் உதட்டுக் கடியும் ஓரளவு குறைகிறது, அதனால் இதை மற்ற எந்த வழியோடும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். ஒன்று செய்யுங்கள்: டாக்டர் கையால் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கவசம் மருத்துவத் தேவைக்கானது, பிள்ளை விரும்பிக் கேட்பது என்று. ஒரு ஆஸ்பத்திரியில் என் அக்காவை, "பிள்ளையைக் கட்டிப்போட்டா கூட்டிட்டு வருவீங்க" என்று கேட்டு, பரிசோதிக்கும் முன் கவசத்தைக் கழற்றச் சொல்லி, கழற்றிய வேகத்தில் அவன் விரலைக் கடித்து ரத்தம் வந்தது. கடிதம் இருந்தால் அந்தப் பேச்சு ஒரு நிமிஷத்தில் முடியும்.

அடுத்தது மவுத் கார்டு, அதாவது பல் உறை. இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், இதில்தான் நுணுக்கமும் அதிகம். இரண்டு வகை இருக்கிறது. ஒன்று மெத்தென்ற பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, பல் அச்சின் மேல் காற்றை உறிஞ்சிப் படிய வைப்பது, விளையாட்டுக்காரர்கள் போடுவார்களே அதே மாதிரி. இன்னொன்று அக்ரிலிக்கில் கெட்டியாகச் செய்து, கடைவாய்ப் பல்லில் கம்பிக் கொக்கி வைத்துப் பிடிக்க வைப்பது, இதிலேயே உதட்டை முன்னே தள்ளி வைக்கும் மாதிரி ஒரு பட்டை சேர்க்கலாம். கீழுதட்டைக் கடிக்கிற பிள்ளைக்கு அந்தப் பட்டைதான் வேலை செய்கிறது, ஏனென்றால் பல்லை மூடினால் மட்டும் போதாது, உதடு பல்லுக்கு நடுவே போகாமலும் இருக்க வேண்டும்.

உறையின் பெரிய நன்மை, பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாம், எதையும் இழக்கவில்லை. குறை என்ன என்றால், பால்பல் குட்டையாக இருப்பதால் உறை பிடித்து நிற்காது. நான்கு வயதில் எங்கள் பையனுக்கு நிற்காமல் போனதற்கு அதுதான் காரணம், நாக்காலேயே தள்ளித் துப்பிவிடுவான். ஆறு வயதில் பால்பல்லுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் வருகிறது, அது நன்றாக வெளியே வந்துவிட்டால் கொக்கி பிடிக்க இடம் கிடைக்கும். ஆக, அன்று தோற்ற வழி இன்று தோற்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த வயதில் ஒரு பல் விழுந்து ஒரு பல் முளைத்துக்கொண்டே இருக்கும், சில மாதத்துக்கு ஒரு முறை உறையை மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் அளவு எடுக்க வேண்டும், கடிக்கிற பிள்ளையின் வாயில் பசை நிரப்பிய தட்டை வைத்து அது கெட்டியாகும்வரை பிடித்திருக்க வேண்டும். சில இடங்களில் கேமரா குச்சியை வாய்க்குள் காட்டி ஸ்கேன் எடுத்தே அளவு செய்துவிடுகிறார்கள், அது இருக்கும் கிளினிக்கைத் தேடிப் போவது அலைச்சலுக்குத் தகும். உறைக்கு உள்ளே ஈறில் புண் வருகிறதா என்று தினமும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், கழுவிக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளைப் படலம் பூத்துவிடும். பிளந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உடைந்த துண்டு மூச்சுக்குழாயில் போனால் அது உயிருக்கே ஆபத்து, கோத்தகிரியிலிருந்தோ மஞ்சூரிலிருந்தோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். அதனால் பிளந்த உறையை ஒரு ராத்திரி கூட வாயில் விடாதீர்கள், மாற்று உறை ஒன்று கையில் இருக்கட்டும்.

தாடையில் போடும் ஊசி, போடாக்ஸ், நல்ல பெயர் வாங்கிக்கொண்டு வருகிறது. கன்னத்தில் கடிக்கும் தசையில் போடுகிறார்கள், சில நாளில் கடியின் பலம் குறைய ஆரம்பித்து மூன்று நான்கு மாதம் நிற்கும், அப்புறம் மறுபடி போட வேண்டும். சில பிள்ளைகளிடம் நன்றாகக் கேட்டிருக்கிறது, ஆனால் இந்த நோயே அபூர்வம் என்பதால் பெரிய கூட்டத்தில் சோதித்துப் பார்த்த முடிவுகள் கிடையாது. விலையும் அதிகம். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவினால் இன்னும் சிரமமாகும், முறுக்கு உள்ள நம் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு ஏற்கெனவே விழுங்குவது கஷ்டம்தான். இதை ஒரு நிரந்தர வழியாக நான் பார்க்கவில்லை. காயம் ஆறுவதற்கு நேரம் வாங்கிக் கொடுக்கும் வழியாகப் பார்க்கிறேன், புது உறை செய்து வரும்வரை, அல்லது பாதி முளைத்த பல் முழுதாக வெளியே வரும்வரை. மூளைக்குள் கம்பி வைத்து மின்துடிப்பு கொடுக்கும் அறுவை சிகிச்சையும் உலகத்தில் சிலருக்குச் செய்திருக்கிறார்கள், சிலருக்குக் கடி நின்றது, எல்லாருக்கும் இல்லை. பல் பேச்சில் அதை இழுக்க வேண்டாம், அது நரம்பு டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

இனி பல்லை எடுப்பது. முன்பற்கள் என்றால் மேலே நான்கு, கீழே நான்கு, சில பிள்ளைகளுக்குக் கோரைப் பல்லும் சேரும். லெஷ்-நைஹனில் உதடு போய்க்கொண்டிருந்தால் இதைப் போல உறுதியாகத் தடுக்கும் வழி வேறு இல்லை. வேரை ஈறுக்குள் விட்டுவிட்டு, உள்ளே சிகிச்சை செய்து, மேல்பாதியை மட்டும் நீக்குவதும் உண்டு, தாடை எலும்பு கரையாமல் இருக்க. பால்பல்லை எடுத்தால் நிரந்தரப் பல் வரும்போது, கீழே ஆறேழு வயதிலும் மேலே ஏழெட்டு வயதிலும், திரும்பவும் இதே இடத்தில் வந்து நிற்போம், இதை முதல் முறையே டாக்டர் சொல்லிவிட வேண்டும். நிரந்தரப் பல்லை எடுத்தால் போனது போனதுதான். பல் செட் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தானாகக் கழன்று விழக்கூடிய எதையும் இந்தப் பிள்ளையின் வாயில் வைக்கக்கூடாது. முன்பல் போனபின் சிலர் பக்கவாட்டில் கோரைப் பல்லால் கடிக்கப் பழகுவார்கள், கன்னத்தின் உள்பக்கத்தைக் கடைவாயால் கடிப்பார்கள். ஆகவே இதிலும் நூற்றுக்கு நூறு உத்தரவாதம் கிடையாது.

சொந்தக்காரர்கள் எதிர்ப்பதும் இதைத்தான். எங்கள் பெரியம்மா, "பல்லுப் போனா சொல்லுப் போச்சுடா, பெத்தவளும் மாமனுமா சேர்ந்து இதைப் பண்ணலாமா" என்று அழுதார். அவர் பயம் பொய் இல்லை. தாத்தா என்று சொல்ல நாக்கு மேல் முன்பல்லில் தட்ட வேண்டும், பல் இல்லாவிட்டால் அந்தச் சத்தம் கொஞ்சம் கொழகொழவென்றுதான் வரும். ஆனால் அம்மா என்று சொல்ல இரண்டு உதடும் ஒட்ட வேண்டும், மாமா என்று சொல்லவும் ஒட்ட வேண்டும். கீழுதட்டில் சதை போய்விட்ட பிள்ளைக்கு அது வராது, எச்சில் நிற்காது, கஞ்சி வாயில் தங்காது, ராத்திரியெல்லாம் மார்பு நனைந்து இந்தக் குளிரில் சளி கட்டும். பல் இல்லாத பிள்ளைக்குச் சோற்றைக் குழைத்துக் கொடுக்கலாம், ராகிக் களி மெல்லாமலேயே இறங்கும், உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் இந்த மலையில் பஞ்சமில்லை, வேக வைத்து மசித்தால் போதும். போன உதட்டை யாரும் திருப்பித் தர முடியாது. ஒட்டுச் சிகிச்சை செய்தாலும் பல் இருக்கும்வரை அதையும் கடிப்பான். பெரியம்மா இப்போது அவனுக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிறார், அவன் சிரிக்கும்போது பல் இல்லாதது அவருக்கும் பழகிவிட்டது.

பிள்ளையிடமும் கேளுங்கள். கை முறுக்கு, குழறிய பேச்சு இவற்றைப் பார்த்து ஒன்றும் புரியாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், லெஷ்-நைஹன் பிள்ளைகளுக்கு வெளியே தெரிவதை விட அதிகம் புரியும். ஆம் என்றால் மேலே பார், இல்லை என்றால் கீழே பார் என்று வைத்துக்கொண்டு எங்கள் பையனிடம் கேட்டபோது, பல்லை எடுப்பதற்கு அவன் மேலே பார்த்தான், உறைக்கும் மேலே பார்த்தான், இப்படியே விடுவதற்குக் கீழே பார்த்தான். அவனுக்கு எதுவானாலும் சரி, சும்மா இருக்கக்கூடாது என்பதுதான் பதில். என் அக்கா அதற்கப்புறம்தான் தெளிவானாள்.

எடுப்பது என்று முடிவானால் எங்கே, எப்படி என்பது அடுத்தது. கிளினிக் நாற்காலியில் ஈறு மரத்துப்போக ஊசி போட்டு எடுப்பதை நான் ஒப்பவில்லை. மரத்த உதட்டை சாதாரணக் குழந்தைகளே தெரியாமல் மென்று புண்ணாக்கிக்கொள்கிறார்கள், மரப்பு இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும், நம் பிள்ளை அந்த நேரத்தில் என்ன செய்வான் என்று சொல்ல வேண்டியதில்லை. முழு மயக்கத்தில் ஒரே தடவையில் எடுப்பது, அதே மயக்கத்தில் சொத்தை அடைப்பு, உறைக்கு அளவு, ரத்தப் பரிசோதனைக்கு ரத்தம் என்று எல்லாவற்றையும் முடித்துக்கொள்வதுதான் சரி. மயக்க டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: வாந்தி எடுக்கும் பழக்கம் உண்டா, கழுத்தைப் பின்னால் வில்லாக வளைப்பானா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது, என்னென்ன மாத்திரை போகிறது. முறுக்கு வேகத்தில் கழுத்தெலும்பு பாதித்திருக்கும் வாய்ப்பு இருப்பதால் கழுத்தை நீட்டித் திருப்பும்போது கவனம் வேண்டும். சிறுநீரகம் பலவீனமான பிள்ளைக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்து வேண்டாம் என்று நீங்களே நினைவுபடுத்துங்கள். மயக்கம் தெளிவதற்கு முன்பே கைக் கவசத்தை மாட்டிவிடச் சொல்லுங்கள்.

மயக்கம் கொடுப்பதற்கு முன் இருக்க வேண்டிய பட்டினி விஷயத்தில் மலையிலிருந்து போகிறவர்கள் ஏமாந்துவிடக்கூடாது. திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும், தண்ணீர் மாதிரி தெளிவான பானம் இரண்டு மணி நேரத்துக்கு முன்வரை கொடுக்கலாம் என்பதுதான் பொதுவான விதி. ஆனால் "ராத்திரி பன்னிரண்டுக்கு மேல ஒண்ணும் குடுக்காதீங்க" என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். யூரிக் அமிலம் ஏறும் பிள்ளைக்கு உடம்பில் தண்ணீர் வற்றுவது நேராகச் சிறுநீரகத்தைத் தாக்கும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாகக் கோயமுத்தூர் சுமார் 70 கிலோமீட்டர், விடியற்காலை புறப்பட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, அங்கே போய் வரிசையில் உட்கார்ந்து மத்தியானம் தியேட்டருக்குள் போனால் பிள்ளை எத்தனை மணி நேரம் வறண்டு கிடப்பான்? முந்தின நாளே கீழே போய்த் தங்குங்கள், லிஸ்டில் முதல் ஆளாகப் போடச் சொல்லுங்கள், தாமதமானால் சலைன் ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். முடிந்த அன்றே மலையேறாதீர்கள். மயக்கத்துக்கு அப்புறம் குமட்டல் இருக்கும், வளைவில் வாந்தி வந்தால், விழுங்கத் தெரியாத பிள்ளைக்கு அது நுரையீரலுக்குப் போய்விடும்.

வலியும் வியர்வையும் இல்லாத பிள்ளையின் வீட்டாருக்கு இதில் வேறு கணக்கு. வியர்க்காத உடம்பு கோயமுத்தூர் வெயிலில் சீக்கிரம் காய்ந்து ஜுரம் ஏறும், மேலே குளிரில் தெரியாத ஆபத்து கீழே இறங்கியதும் தெரியும். ஏப்ரல், மே மாதத்தைத் தவிர்த்து டிசம்பர், ஜனவரியில் தேதி வாங்குங்கள், ஈரத்துணியும் தெர்மாமீட்டரும் கையில் இருக்கட்டும். வலி இல்லை என்பதால் சொத்தையும் கட்டியும் சத்தமில்லாமல் தாடை எலும்புவரை போகும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பல்லைக் காட்டியே ஆக வேண்டும். கொதிக்கக் கொதிக்க டீ கொடுக்கும் வீடுகளில் வாய் வெந்துபோவதும் இந்தப் பிள்ளைகளுக்குத்தான், ஆறிய பிறகு கையில் தொட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

எந்த ஊருக்குப் போவது என்பதில், ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்குக் கோயமுத்தூர்தான் வழி, தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளில் குழந்தைப் பல் பிரிவு தனியாக இருக்கிறது. மரபணுப் பரிசோதனை, நரம்பு, பல் எல்லாம் ஒரே ஆஸ்பத்திரியில் வேண்டுமென்றால் வேலூர் சிஎம்சி, தூரம் அதிகம்தான், ஆனால் நோயே என்னவென்று தெளிவாகாத பிள்ளைக்கு அந்த ஒரு பயணம் பல வருஷக் குழப்பத்தைத் தீர்க்கும். கூடலூர், பந்தலூர் பக்கம் இருக்கிறவர்கள் கோயமுத்தூருக்கு வருவதை விட நாடுகாணி வழியாகக் கோழிக்கோடு போவது நல்லது, அங்கே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மைசூரு போகிறவர்கள் பந்திப்பூர் சாலை ராத்திரி 9 மணி முதல் காலை 6 மணிவரை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துத் திரும்பும் நேரத்தைப் போடுங்கள். அக்டோபர், நவம்பர் மழையில் மண் சரிந்தால் பாதை எப்போது திறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது, 2009 நவம்பரை இந்த மலையில் யாரும் மறக்கவில்லை. அவசரமில்லாத சிகிச்சைக்கு அந்த மாதங்களில் தேதி வாங்காதீர்கள். சீசனில் ஒருவழிப் பாதையும் கூட்டமும் சேர்ந்து இரண்டு மணி நேரப் பயணம் நான்காகும்.

உள்ளூரிலேயே முடியும் வேலைகளையும் விட்டுவிடாதீர்கள். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஃபுளோரைடு வார்னிஷ் தடவினால் சொத்தை குறையும், பஞ்சால் பூசுவது மாதிரிதான், சில நிமிஷம். வந்துவிட்ட சொத்தையைத் துளை போடாமலே நிறுத்த வெள்ளி கலந்த ஒரு திரவம் இருக்கிறது, சொத்தை கறுப்பாகிவிடும், கடைவாய்ப் பல்லில் கறுப்பைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இனிப்பான சிரப் மருந்து, டீயில் ஊறவைத்த வர்க்கி இதெல்லாம் ராத்திரி பல்லில் ஒட்டிக்கொண்டு தூங்கப் போகக்கூடாது. பல் விளக்கும்போது உங்கள் விரலை அவன் பல்லுக்கு நடுவே ஒருபோதும் வைக்காதீர்கள். தலையை மடியில் வைத்து, ஒரு பிரஷ்ஷின் பிடியில் துணி சுற்றி ஒரு பக்கக் கடைவாயில் வைத்துக் கடிக்கவிட்டு, மறுபக்கம் இன்னொரு பிரஷ்ஷால் தேயுங்கள், மூன்று வயதுவரை அரிசி அளவு பேஸ்ட், அதற்கு மேல் பட்டாணி அளவு. கடைவாய்ப் பல் நன்றாக இருந்தால்தான் நாளைக்கு உறை பிடித்து நிற்கும்.

செலவுக்கு, ஊனமுற்றோர் அடையாள அட்டை இருந்து, அதில் செரிப்ரல் பால்சி, அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் என்று ஏதாவது ஒன்று எழுதியிருந்தால் மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேரலாம், வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய்வரை உண்டு. சேர்க்கும் வேலையைச் சிகிச்சைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். இந்த மரபணு தாய் வழியில் வருவதால், பெண் பிள்ளைகள் உள்ள வீட்டில், கூடப் பிறந்தவர்களுக்கும் மரபணுப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள், யார் மேலும் பழி போடுவதற்காக இல்லை, அடுத்த குழந்தைக்கு முதல் வாரத்திலிருந்தே சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம் என்பதற்காக.

எங்கள் முடிவு இப்படி நிற்கிறது. இந்த முறை நிரந்தரப் பல் என்பதால் முதலில் உறை, கீழுதட்டுக்குப் பட்டை வைத்த அக்ரிலிக் உறை, புதிய கடைவாய்ப் பல்லில் கொக்கி. அதோடு சேர்த்து இப்போதே எல்லையையும் எழுதி வைத்துவிட்டோம், டாக்டரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்: உறை போட்ட பிறகும் காயம் இரண்டு வாரத்தில் மூடாவிட்டால், அல்லது உதட்டில் சதை குறைவது போட்டோவில் தெரிந்தால், முன்பற்களை எடுப்பது, மறுபடி குடும்பம் கூடிப் பேசுவது கிடையாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில், ஸ்கேலை உதட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுக்கிறோம், தினமும் பார்க்கிற கண்ணுக்குக் குறைவது தெரியாது. மயக்க டாக்டரைப் பார்ப்பதையும், ரத்தம், சிறுநீரகப் பரிசோதனையையும் முன்கூட்டியே முடித்து வைத்திருக்கிறோம், எல்லையைத் தாண்டினால் தேதி மட்டும் வாங்கினால் போதும். கோரைப் பல் கீழே ஒன்பது பத்து வயதிலும் மேலே பதினொன்று பன்னிரண்டிலும் வரும், அப்போது இதையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும்.